கட்டணம் என்ற சொல்லுக்கு வெளியே: கட்டடக்கலைப் படிப்பும் கம்பம் பள்ளத்தாக்கின் தலித் மாணவர்களும்

பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் 2021 மார்ச்சில் வெளியாயின. அவை 2020-21 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு உரியவை. மொத்த மதிப்பீடு 59,048 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலங்களின் பங்கு 40 விழுக்காடு. அடுத்த சுற்றுக்கான விதிகள் எழுதப்படும் காலம் இது. தொகையை உயர்த்த வேண்டும், தாமதமின்றி வழங்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளை நம் இயக்கங்கள் வழக்கம்போல் முன்வைக்கும். இரண்டும் நியாயமானவை. ஆனால் அந்த நெறிமுறைகளுக்குள் இருக்கும் ஒரு வரையறை அதிகம் விவாதிக்கப்படுவதில்லை. அரசு திருப்பித் தருவது 'கட்டாய, திரும்பப்பெற இயலாத கட்டணம்' மட்டுமே. அதாவது, மாணவர் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கட்டாயமாகச் செலுத்தும் தொகை. வணிகவியல் படிக்கும் மாணவருக்கு இந்த வரையறை பெரும்பாலும் போதும். கட்டடக்கலை படிக்க விரும்பும் மாணவரைப் படிப்பின் நடுவழியில் நிறுத்துவது இதே வரையறைதான்.

வைகை அணையைச் சுற்றியுள்ள ஆண்டிபட்டி வட்டாரத்திலிருந்து இந்தச் சிக்கலைப் பார்ப்பது பொருத்தமானது. தேனி மாவட்டத்தின் அரசுப் பொறியியல் கல்லூரி போடிநாயக்கனூரில் 2012 முதல் இயங்குகிறது; அங்கே கட்டடக்கலைத் துறை இல்லை. அருகில் இருப்பது ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரி. அதற்கு அப்பால் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. மற்றவை பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகள். ஆகவே இப்பகுதி மாணவருக்குக் கட்டடக்கலை என்றாலே விடுதி வாழ்க்கை, அதுவும் ஐந்தாண்டு என்று பொருள். முதுகலையும் சேர்ந்தால் ஏழாண்டு.

"நான்கு ஆண்டில் பி.இ. முடித்து வேலைக்குப் போகலாமே, எதற்கு இந்தப் படிப்பு?" என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. கேள்வி தவறில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு ஓராண்டு என்பது சிறிய கணக்கு அல்ல. ஆனால் சாதி என்பது மனத்தில் மட்டும் இருப்பதில்லை. அது மண்ணில், சுவரில், பாதையின் அகலத்தில், குழாய் வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. அதை வரைபவர்களில் நாம் இல்லை என்பதன் விளைவுகளை இந்த வட்டாரத்திலேயே காணலாம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் விடியலுக்கு முன் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பவர்களில் தலித் பெண்கள் கணிசமானவர்கள். மலைக்கு மேல் நிரந்தரமாகத் தங்கியவர்களுக்குத் தோட்ட நிர்வாகங்கள் கொடுத்தது லயம் என்னும் வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டிய சிற்றறைகள். பல தலைமுறைகளாக இந்த அமைப்பு மாறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியிலிருந்து முன்பு சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களில் தலித்துகளே மிகுதி. மழையின் அளவு பற்றியும் மீட்புப் பணியின் தாமதம் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. ஓடைக்கு அருகில், சரிவுக்குக் கீழே, இத்தனை குடும்பங்களை ஒரே வரிசையில் அடுக்கலாம் என்று எந்த அறிவு முடிவு செய்தது? கட்டடக்கலையும் குடியிருப்புத் திட்டமிடலும் பதில் சொல்ல வேண்டிய இந்தக் கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை.

மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் மதுரை மாவட்டம். அங்கே எழுமலைக்கு அருகில் இருக்கிறது உத்தப்புரம். 1989 மோதல்களுக்குப் பின் எழுப்பப்பட்ட சுவர் ஏறத்தாழ இருபதாண்டுகள் தலித் மக்களின் வழியை அடைத்து நின்றது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்தது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீட்டு மதில் ஒன்று விழுந்து, பக்கத்துக் குடியிருப்பில் உறங்கிய 17 தலித்துகள் இறந்தார்கள். முதல் சுவர் நின்றதால் கொடுமை. இரண்டாவது சுவர் விழுந்ததால் கொடுமை. இரண்டுக்கும் எவரோ அளவெடுத்தார்கள், எவரோ கல் அடுக்கினார்கள், அனுமதிக்கும் இடத்தில் எவரோ இருந்தார்கள், அல்லது பார்க்காமல் இருந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பதையே அரசியல் கேள்வியாக்கிய திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. தென்மாவட்டச் சாதி மோதல்களைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் முதலாவது, 1998 ஆகஸ்டில் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்பது ஒதுக்கீடு. குறைகள் பல இருந்தாலும், ஊரும் சேரியும் பிரிந்தே இருக்க வேண்டும் என்ற வரைபடத்தை அரசே கலைத்துப் போட்ட நிகழ்வு அது. கால் நூற்றாண்டுக்குப் பின் அந்தக் குடியிருப்புகள் எப்படி வாழ்கின்றன, வீடுகள் எப்படி விரிந்தன, பொதுவெளியை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் முதுகலை ஆய்வுக்கான அருமையான பொருள்கள். தென்மாவட்டத்தின் தலித் மாணவி ஒருவர் எம்.ஆர்க் ஆய்வேட்டுக்காக அங்கே அளவு நாடாவுடன் நின்றால் அவர் காண்பது வேறாக இருக்கும்.

இன்றைய நிலை என்ன? கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, மதிப்பு 3.5 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். கன்று கட்டவும், விறகு அடுக்கவும், திராட்சைத் தோட்ட வேலை முடிந்து வந்து கைகால் கழுவவும் இடம் தேவைப்படும் குடும்பம் அந்த அளவுக்குள் எப்படி வாழும் என்பதைச் சிந்திக்கும் வரைபடம் வேண்டும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சொல்லே இழிவாக இருந்த இடத்தில் சொல்லை மாற்றுவதும் போராட்டமே. ஆனால் காலனியின் சாலை ஊர்ச் சாலையோடு எங்கே இணைகிறது, விடுதி அறையில் ஒரு மாணவருக்கு எத்தனை சதுர அடி என்பவை பெயர்ப்பலகையால் மாறுவதில்லை. ஆதிதிராவிடர் விடுதிகளையும் பள்ளிகளையும் கட்டித்தரும் தாட்கோ 1974-ல் வீட்டுவசதிக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் வரைபட மேசையில் ஒரு காலத்தில் அதே விடுதியில் தங்கிப் படித்தவர் அமர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பது கற்பனைக்குரிய கேள்வி அல்ல, பணியமர்த்தலுக்குரிய கேள்வி.

இனி நுழைவாயில். 2007-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் தமிழ்நாடு தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வை ஒழித்தது. கிராமப்புற முதல் தலைமுறை மாணவர்களைப் பொறியியலுக்குள் கொண்டுவந்ததில் அந்தச் சட்டத்தின் பங்கு பெரிது. கட்டடக்கலைக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. 2006-ல் தொடங்கிய நாட்டா என்னும் திறனறித் தேர்வு நிலைத்துவிட்டது. மாநிலக் கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200, திறனறித் தேர்வுக்கு 200. பாதி மதிப்பெண் வரைதிறன், வடிவ உணர்வு, காட்சிவழிச் சிந்தனை ஆகியவற்றைச் சார்ந்தது. இவை பிறவித் திறன்கள் என்று சொல்லப்படுகின்றன. ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்தவருக்கும் நகரத்தில் ஓராண்டு பயிற்சி மையத்துக்குச் சென்றவருக்கும் இடையிலான வேறுபாட்டைப் பிறவியின் கணக்கில் எழுதுவது நமக்குப் பழக்கமான தந்திரம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் 2021-ல் தொழிற்படிப்புகளுக்கு வந்தது. நாட்டா எழுதாதவருக்கு அந்தக் கதவாலும் பயனில்லை. நீட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு இத்தேர்வைப் பற்றி நாம் பேசுவதில்லை. எண்ணிக்கை சிறியது என்பது ஒரு காரணம், படிப்பே நம்முடையது அல்ல என்று ஏற்றுக்கொண்டது இன்னொரு காரணம்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடும் அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் சட்டப்படி உண்டு. அரசாணை எண் 92, நாள் 11.09.2012, சுயநிதிக் கல்லூரிகள் உட்பட ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. எங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்கள் கொண்டுவரும் காகிதங்களைப் பார்த்தால், சிக்கல் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தில் இல்லை. அது அட்டையில், பசையில், அச்சில் இருக்கிறது.

கட்டடக்கலையின் மையப் பாடம் ஸ்டுடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்பு. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஒரு கட்டடத்தை வடிவமைத்து, பெரிய தாள்களில் வரைந்து, மாதிரி செய்து காட்ட வேண்டும். மவுண்ட் போர்டு, சன்போர்டு, பால்சா மரம், டிரேசிங் தாள், வெட்டுக்கத்தி, ஏ1 அளவு அச்சுகள் என்று பட்டியல் நீளும். ஆசிரியர் ஒரு திருத்தம் சொன்னால் மாதிரி மறுபடி முதலிலிருந்து. முப்பரிமாண மென்பொருள்களுக்கு வலுவான கிராபிக்ஸ் கொண்ட கணினி வேண்டும். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவிக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. பொதுப் பயன்பாட்டுக்கான கருவி இந்த வேலையைத் தாங்காது. பிறகு களப்பயணங்கள்: அகமதாபாத், சண்டிகர், ஹம்பி. அதன்பின் ஒரு பருவம் முழுவதும் கட்டடக்கலை அலுவலகத்தில் நடைமுறைப் பயிற்சி. பெயர்பெற்ற அலுவலகங்கள் பெருநகரங்களில் உள்ளன. ஊக்கத்தொகை சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. வாடகையை யார் கொடுப்பது? உறவினர் வீடு பெங்களூரில் இருப்பவர் நல்ல அலுவலகத்தில் சேர்கிறார். இல்லாதவர் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் சான்றிதழுக்காகச் சேர்கிறார். இருவரின் வேலைவாய்ப்பும் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

இதில் எத்தனை 'கட்டணம்'? மாணவர் எழுதுபொருள் கடைக்கும் அச்சகத்துக்கும் பேருந்துக்கும் கொடுப்பது எதுவும் கல்லூரிக்குச் செலுத்தியது ஆகாது. ஆகவே அது அரசின் கணக்கில் வராது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நெறிமுறைகள் தருவது கல்விப்படி. தொழிற்படிப்புகள் அடங்கும் முதல் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாய். மாதக் கணக்கில் விடுதி மாணவருக்கு 1,125 ரூபாய். அது உணவுச் செலவுக்கே பற்றாது. பழைய நெறிமுறைகளில் கல்விப் பயணத்துக்கென்று ஆண்டுக்கு 1,600 ரூபாய் என ஒரு தனித் தலைப்பாவது இருந்தது. 2021-ல் அதுவும் பொதுப்படியில் கரைந்துவிட்டது. தொகை சிறிதென்பது உண்மை. ஆனால் தனித் தலைப்பு இருந்தால் அதை உயர்த்தக் கேட்கலாம். தலைப்பே போனபின் எதை உயர்த்தக் கேட்பது?

வருமான உச்சவரம்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியலின மாணவருக்கு இத்திட்டத்தில் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்னேறிய சாதிகளில் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்று 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்கீழ் அறிவிக்கப்பட்டவர்களுக்கு அந்த வரம்பு 8 லட்சம். நகராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளராக இருக்கும் அருந்ததியர் ஒருவரின் மகள் உதவித்தொகைக்கு 'வசதியானவர்' ஆகிறார். ஒன்று ஒதுக்கீடு, மற்றது நிதியுதவி, ஒப்பிடக் கூடாது என்று சட்ட நுணுக்கம் பேசலாம். வறுமை என்பதன் அளவுகோல் சாதிக்கு ஒன்றாக இருப்பதை அந்த நுணுக்கம் மறைத்துவிடாது.

ஜூரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டுடியோ வேலையை மதிப்பிடும் நேர்முகத் தேர்வுக்கு அந்தத் துறையில் அந்தப் பெயர்தான். எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்குப் போலி எண் உண்டு. திருத்துபவருக்கு மாணவர் யாரென்று தெரியாது. ஜூரியில் மாணவர் தம் முகத்தோடும் பேச்சோடும் நிற்கிறார். ஆங்கிலம் தடுமாறினால் வடிவமைப்பே தடுமாறியதாகத் தோன்றும். 'ரசனை', 'நேர்த்தி' போன்ற சொற்கள் மதிப்பெண்ணாக மாறும் இடம் அது. அவற்றுக்குள் சாதி எவ்வளவு, வர்க்கம் எவ்வளவு என்று பிரித்துக்காட்டுவது எளிதல்ல. இருந்தாலும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகள் மதிப்பீட்டில் சாதிப் பாகுபாடு காட்டுவதையும் முறையிடத்தக்க பாகுபாடாகவே கொள்கின்றன. சாதியைக் குறித்த இழிசொல் வந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம் என்ற நிபந்தனையை வைக்கின்றன. வெளித் தேர்வாளர்களும் சக மாணவர்களும் கூடியிருக்கும் ஜூரி அறை நான்கு சுவருக்குள் இருப்பதாலேயே அந்த நிபந்தனையிலிருந்து தப்பிவிடாது என்பது என் வாதம். நடந்த அன்றே தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17 அன்று வழங்கிய தீர்ப்பு ஒரு விசித்திரமான விளக்கம். கட்டடக்கலை மன்றம் எதிர் முகேஷ் கோயல் வழக்கில், கட்டடக்கலைஞர்கள் சட்டம், 1972-இன் 37-ஆவது பிரிவு 'கட்டடக்கலைஞர்' என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, அந்த வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. அதாவது வேலையை எவரும் செய்யலாம். பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாகச் சூளையில் செங்கல் அறுத்தவர்கள், சித்தாளாகக் கலவை சுமந்தவர்கள், கொத்தனாராகச் சுவர் எழுப்பியவர்கள் நம்மவர்கள். வேலை நமக்கு எப்போதும் தடுக்கப்பட்டதில்லை.

முதுகலைக்கு வருவோம். அமெரிக்கா போன்ற நாடுகளில் எம்.ஆர்க் என்பதே தொழிலுக்குள் நுழையும் பட்டமாக இருப்பதுண்டு. இந்தியாவில் பதிவுக்குப் பி.ஆர்க் போதும், எம்.ஆர்க் சிறப்புப் பயிற்சிக்கும், முக்கியமாக ஆசிரியப் பணிக்கும் வழி. அதனால்தான் அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜூரியில் அமரும் பேராசிரியர் அங்கிருந்து வருகிறார். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர் அங்கிருந்து வருகிறார். கோயிலும் அரண்மனையும் காலனிய மாளிகையும் நிறைந்த கட்டடக்கலை வரலாற்றில் லயத்துக்கும் சேரிக்கும் ஒரு பக்கம் உண்டா என்று முடிவு செய்பவரும் அங்கிருந்துதான் வருகிறார்.

இந்தப் படிக்கட்டில் சட்டமே ஒரு பள்ளத்தை உருவாக்கியிருக்கிறது. கேட் தேர்வில் கட்டடக்கலை மற்றும் திட்டமிடலுக்குத் தனித் தாள் உண்டு. கேட் மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ ஏற்பு பெற்ற நிறுவனத்தில் முதுகலை சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 2019 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடக்கலைக் கல்வியின் தரநிலைகளில் ஏஐசிடிஇ விதிகளைவிடக் கட்டடக்கலை மன்றத்தின் விதிகளே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு அமைப்புகளின் அதிகாரப் போட்டிக்கு அது முடிவு கட்டியது. கல்லூரிகளுக்கு நிம்மதி. ஆனால் கட்டாயமில்லாத ஏற்பைக் கல்லூரி புதுப்பிக்காமல் விட்டால், அந்த ஏற்போடு பிணைக்கப்பட்ட உதவித்தொகையை மாணவர் இழக்கிறார். ஒழுங்குமுறை அதிகாரம் இடம் மாறியபோது நல உதவியும் கூடவே இடம் மாற வேண்டும் என்று எவரும் விதி எழுதவில்லை. வசதியுள்ளவருக்கு இது கவனிக்கத் தேவையில்லாத சிறு மாற்றம். மாதம் 12,400 ரூபாயை நம்பி வேலையை விட்டுப் படிக்க வருபவருக்கு அதுவே படிப்பு. எம்.ஆர்க் சேரும் முன் கல்லூரியின் அந்த ஆண்டு ஏற்பு ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வெளிநாட்டுக்குச் செல்ல முயல்பவருக்கு வேறொரு பூட்டு. பட்டியலினத்தவருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்கள் கொண்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் படிப்போ ஆய்வோ இதன்கீழ் அனுமதிக்கப்படாது என்று 2022-ல் விதி சேர்க்கப்பட்டது. இவற்றை இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது அரசு சொன்ன காரணம். கண்ணாடிக் கோபுரங்களின் குளிரூட்டல் பற்றி ஆராயத் தலித் மாணவருக்கு அரசு பணம் தரும். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்-சேரி அமைப்பை லண்டனில் ஆராய்ச்சிப் பொருளாக்கினால் தராது. கட்டடக்கலையில் மரபும் வரலாறும் தனிப்பாடங்கள் அல்ல. பாதித் துறையே அவைதான். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் மாணவர்கள் அதை முதலில் முயல வேண்டும்.

இது இந்தியாவுக்கு மட்டுமான கதையும் அல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892-ல் கட்டடக்கலை முடித்த ராபர்ட் டெய்லர் என்ற கறுப்பினத்தவர், அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் கட்டடங்களை வடிவமைத்தார். செங்கற்களை அங்கே படித்த கறுப்பின மாணவர்களே செய்தார்கள். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, 1968-ல், விட்னி யங் என்ற சிவில் உரிமைத் தலைவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் மாநாட்டு மேடையிலேயே, இந்தத் தொழில் இனச் சிக்கலில் வாய்மூடி இருந்தது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதன்பிறகே அக்கழகம் சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகையைத் தொடங்கியது. 1971-ல் கறுப்பினக் கட்டடக்கலைஞர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பும் கண்டார்கள். இந்தியாவில் கட்டடக்கலைஞர் அமைப்புகளின் மேடையில் சாதியைப் பற்றி அப்படியொரு உரையை நான் கேட்டதில்லை.

நம் பக்கத்தில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர். பொதுப்பணியும் பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. பட்டியலினத்தவரின் குறைகள் குறித்து அவர் 1942-ல் அளித்த மனு, மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தப் பட்டியலில் நம் மக்கள் இல்லாததையும் சுட்டிக்காட்டியது. அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசு பணம் தர வேண்டும் என்றும் கேட்டது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல் தொடங்கியது அந்த முயற்சியின் தொடர்ச்சி. எழுத்தர் வேலைக்கு வேண்டிய பட்டத்தை மட்டும் அவர் கேட்கவில்லை என்பதை இன்றைய விதிகளை எழுதுபவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஒன்றியச் சமூகநீதி அமைச்சகத்துக்கும் மாநில ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் அனுப்ப வேண்டிய கோரிக்கைகள் என் பார்வையில் இவை. ஸ்டுடியோ அடிப்படையிலான படிப்புகளுக்குப் பொருட்செலவுப் படியைத் தனித் தலைப்பாக உருவாக்குவது முதலாவது. அது கல்விப்படிக்கு மேல் இருக்க வேண்டும். கல்லூரியே பொருள்களை வாங்கிக் கட்டணத்தில் சேர்க்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் அரசு திருப்பித் தரும், உண்மைதான். ஆனால் சுயநிதிக் கல்லூரிகளிடம் கட்டணத்துக்குப் புதுக் காரணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நான் அதை ஏற்கவில்லை. கட்டாயக் களப்பயணத்துக்குக் கல்லூரியே பணம் வாங்கினால் அது கட்டணம்தான். ரசீது கேளுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவது 1992-ஆம் ஆண்டின் நன்கொடைக் கட்டணத் தடைச் சட்டத்தின்கீழ் வரும். நடைமுறைப் பயிற்சிப் பருவத்துக்கு வாடகைப் படி வேண்டும். எம்.ஆர்க் உதவித்தொகையைக் கட்டடக்கலை மன்றத்தின் ஏற்போடு பிணைக்க வேண்டும். 2022 விதியை நீக்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சமாக வேண்டும். நாட்டா பயிற்சியை மேனிலைப் பள்ளிகளில், குறைந்தது சமூகநீதி விடுதிகளில், மாநில அரசு தொடங்கலாம். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

மனு எழுதும் முன் எண்கள் வேண்டும். தேனி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இந்த வாரமே மூன்று கேள்விகள் அனுப்பலாம். கடந்த ஐந்து கல்வியாண்டுகளில் இம்மாவட்டத்திலிருந்து பி.ஆர்க், எம்.ஆர்க் படிப்புகளுக்கு உதவித்தொகை பெற்ற பட்டியலின, பழங்குடி மாணவர்கள் ஆண்டுவாரியாக எத்தனை பேர்? அவர்களில் இரண்டாம் ஆண்டுக்குப் பின் புதுப்பிக்காதவர்கள் எத்தனை பேர்? மாவட்டத்தில் கடைசியாகக் கட்டப்பட்ட விடுதியின் வரைபடத்தை வரைந்தவர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர்? தகவல் உரிமைச் சட்டப்படி மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.